வாய்விட்டுக் கேட்பது

அக்டோபர் 4, சனி

காலையில் வெயில், நான்கு மணிக்கு மேல் தூறல். எனக்கு வார ஓய்வு. தண்ணீர்த் தொட்டி கழுவினேன். வாசல் லைட் மாற்றினேன். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் இன்னும் தைக்கவில்லை. மனைவி பிலோவுக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

சாயந்திரம் அன்பியக் கூட்டம், தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம். அக்டோபர் ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சுரூபத்தை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஜெபமாலை சொல்வது வழக்கம். எங்கள் தெருவுக்குப் பொறுப்பாளர் நான். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. ஆள் தேர்ந்தெடுத்த அன்று நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். வராதவன் பெயரை எழுதிவிட்டார்கள்: சவரி.

இன்று பெரிய தப்பு நடந்துவிட்டது. எழுதவே கூசுகிறது.

ஜெபமாலை முடிந்ததும் மன்றாட்டு. ஆளுக்கு ஒன்று சொந்தமாகச் சொல்லுங்கள் என்றால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். அதனால் நானே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். யார் கையில் எது வருகிறதோ அதை அவர் வாசிப்பார். வாசித்து முடித்ததும் எல்லாரும் சேர்ந்து, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.' கூட்டம் முடிந்ததும் சீட்டுகளைத் திரும்ப வாங்கி டப்பாவில் போட்டுவைப்பேன். அடுத்த தடவைக்கு எழுதும் வேலை மிச்சம்.

சூசை அண்ணனைப் போன மாதம்தான் அடக்கம் செய்தோம். இன்றுதான் அவர் மனைவி ரெஜினா அக்கா முதல் தடவையாக வெளியே வந்து கூட்டத்தில் உட்கார்ந்தார். கொத்தனார் ஸ்டீபன் தன் கையில் இருந்த சீட்டைப் பிரித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தான். நோயுற்றிருக்கும் எங்கள் சகோதரர் சூசை விரைவில் பூரண நலம் பெற வேண்டுமென்று.

எல்லாரும் சேர்ந்து, 'கேட்டருளும்.' நானும்தான். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. மழைக்கான சீட்டை அடுத்தவர் வாசிக்க ஆரம்பித்த பிறகு, எதிரே பெண்கள் பக்கத்திலிருந்து பிலோ என்னைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது.

ரெஜினா அக்கா அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார். சுண்டல் கொடுக்கும்போது மட்டும் வாங்காமல் செருப்பை மாட்டினார். நான் கிட்டே போனேன்.

"ஏந் தம்பி, அவரு உசுரோட இருந்தப்பவும் இப்பிடித்தான் கேட்டீங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

நல்ல வெயில். முதல் பூசை. பிலோ பாடகர் குழுவில் முன்வரிசை, எப்போதும் போல. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தாள். கழுத்தில் இருக்கும் கட்டி யார் கண்ணிலும் படக்கூடாதாம். ஊசி போட்டு எடுத்த டெஸ்ட் ரிசல்ட் புதன்கிழமை விழுப்புரத்தில். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. குழம்பு, ரேஷன், பால் கணக்கு, இதெல்லாம் பேசுகிறோம்.

பூசை முடிந்து ஃபாதரிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்தச் சீட்டெல்லாம் கொளுத்திடுங்க. அவங்கவங்க சொந்தமா சொல்லட்டும்."

"யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க ஃபாதர்."

"நீங்க தொறங்க. பொறுப்பாளர்தானே."

சின்ன வயசு ஃபாதர். தெற்கேயிருந்து வந்தவர். சொல்லுவது சுலபம். எனக்கு மனப்பாட ஜெபம் என்றால் தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பினாலும் விசுவாசப் பிரமாணம் ஒப்பிப்பேன். சொந்த வார்த்தை என்றால் பாதியிலேயே நின்றுவிடும். நாற்பது வருஷமாகக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடவுளிடம் ஒரு முழு வாக்கியம் நானாகப் பேசியதில்லை.

மத்தியானம் சீட்டு டப்பாவை அடுப்பில் கொட்டிக் கொளுத்தினேன்.

அக்டோபர் 6, திங்கள்

திண்டிவனம் – விழுப்புரம், போய்வந்து போய்வந்து பொழுது சரி. டிக்கெட் மிஷின் சூடு ஏறினால் நின்றுவிடுகிறது. காலேஜ் பிள்ளைகள் படிக்கட்டை விட்டு ஏற மறுப்பு. "உள்ள வா, உள்ள வா" என்று கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நான் கூப்பிட்டால் சிக்னல் வரைக்கும் கேட்கும். கூட்டத்தில் ஜெபம் சொல்லச் சொன்னால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது.

டிரைவர் ஏழுமலை. கூட்டேரிப்பட்டு தாண்டும்போதெல்லாம் மயிலம் மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிடுவான். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். இன்று பக்கத்தில் போய் நின்றதால் அவன் முணுமுணுப்பது காதில் விழுந்தது.

"இன்னா முருகா, பொண்ணு வேல விஷயம் ஞாபகம் இருக்குதா? போன மாசமே சொன்னேன். இன்னும் ஒண்ணும் காணமே."

அவ்வளவுதான். கியர் மாற்றினான். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பொறாமை வந்தது. ஆபீஸ் நண்பனிடம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறான். நான் என் ஆண்டவரிடம் அப்படி ஒரு தடவை விசாரித்திருக்கிறேனா?

அக்டோபர் 8, புதன்

லீவு. மூடாக்கு, காற்று இல்லை, ஒரே புழுக்கம். விழுப்புரம்.

ரிசல்ட்: சந்தேகமாக இருக்கிறதாம். கட்டியை எடுத்து அனுப்பிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆபரேஷன் 23. தீபாவளி கழித்து. முந்தின நாளே அட்மிஷன். டாக்டர் அம்மா நல்ல மாதிரி. படம் போட்டுக் காட்டினார். தைராய்டை ஒட்டிக் குரலுக்குப் போகிற நரம்பு இருக்கிறதாம். ஜாக்கிரதையாகத்தான் செய்வார்களாம். குரல் கொஞ்ச நாளைக்குக் கம்மலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும் மாறலாம், சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். என் காதில் சந்தேகம் என்கிற ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து லில்லி வீடு. பிலோவின் தங்கை. விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் எல்லாரும் சத்தமாக ஜெபிக்கிற ஒரு சபைக்குப் போகிறவர்கள், அவளும் போக ஆரம்பித்துவிட்டாள். விஷயம் கேட்டதும் அடுப்பை அணைத்தாள். அக்கா தலையில் கை வைத்தாள். ஆரம்பித்துவிட்டாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கட்டியைப் பெயர் சொல்லித் திட்டினாள், வெளியே போ என்றாள், நன்றி நன்றி என்றாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிலோ அழுதாள். ரிசல்ட் கேட்டபோது அழாதவள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் பயணிகளாக. ஓசிப் பாஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது சொன்னாள்.

"நீங்க ஒரு நாளு எனக்காக அப்பிடி ஜெபம் பண்ணுங்களேன்."

"மனசுல பண்ணிக்கினுதான் இருக்கறேன்."

"மனசுல பண்றது எனக்கு இன்னா தெரியும்? எங் காதுல கேக்கணும். ஆபரேசனுக்கு உள்ள போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ."

சரி என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு என்னிடம் ஏதாவது கேட்டது குறைவு. புடவை, நகை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

டூட்டிக்கு முன் மொட்டை மாடி. துணி காயப்போடும் சாக்கு. கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தேன்.

'எல்லாம் வல்ல இறைவா, எங்கள் சகோதரி பிலோமினாவின் உடல்நலக் குறைவைக் கனிவுடன் பரிசீலித்து, உமக்குச் சித்தமானால், ஆவன செய்யுமாறு...'

நானே நிறுத்திவிட்டேன். கிளை மேலாளருக்கு லீவ் லெட்டர் எழுதுகிற மாதிரி. 'மேற்படி' ஒன்றுதான் பாக்கி. கட்டின மனைவி சகோதரியாம்.

யோசித்தால் அந்த 'உமக்குச் சித்தமானால்' தான் பேஜாரு. என் எல்லா ஜெபத்திலும் அது முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பணிவு என்று நினைத்திருந்தேன். பணிவா பயமா என்று இன்று சந்தேகம். கிடைக்காவிட்டால் ஏமாந்தவனாகத் தெரியக்கூடாதே என்று முன்கூட்டியே ஒரு வழி திறந்து வைத்துக்கொள்கிறேன். கேட்கிற மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். சூசை அண்ணனுக்காகவும் அப்படித்தான் கேட்டேன். அடித்தொண்டையிலிருந்து ஒரு நாளும் கேட்கவில்லை. அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவரிடம் போய்ச் சொல்ல தைரியம் இல்லை.

பிலோ சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டாள்.

அக்டோபர் 11, சனி

காலையில் ஒரு மழை. ரோட்டில் தண்ணீர். சாயந்திரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ரெஜினா அக்கா வீடு.

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மன்னிச்சிடுங்கக்கா என்றேன். கை நிற்கவில்லை, உரித்துக்கொண்டே பேசினார்.

"சீட்டு தப்பா வந்ததுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. படிச்சது கூட காதுல விழாம கேட்டருளும்னு சொன்னீங்க பாருங்க எல்லாரும். அதான்."

"தப்புதாங்க்கா."

"நான் தெனமும் கேட்டேன். காலில விழுந்து கேட்டேன். ஆண்டவரு காதுல போட்டுக்கல. இப்ப நான் பேசறதில்ல. ஜெபமாலய கூட ஆணில மாட்டி வெச்சிட்டேன்."

சீட்டையெல்லாம் கொளுத்திவிட்டேன், கூட்டத்துக்கு வாங்க என்றேன். உரித்துக்கொண்டே இருந்தார். பிலோ விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் கை நின்றது. எப்போது ஆபரேஷன் என்று மட்டும் கேட்டார். கிளம்பும்போது உரித்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்துப் பிலோவுக்கு என்று கொடுத்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறவருக்கு எதிரில் ஆள் இருக்கிறார் என்று நிச்சயம். எனக்குக் கோபம் கூட வந்ததில்லையே.

அக்டோபர் 13, திங்கள்

மதியம் ஷிப்ட் முடித்து நேராகக் கூட்டம், ஸ்டீபன் வீட்டில். சீட்டு இல்லாத முதல் நாள்.

ஜெபமாலை ஓட்டமாக ஓடி முடிந்தது. இனி சொந்தமாக ஜெபம் சொல்வோம் என்றேன். அமைதி. ஃபேன் சத்தம். யாரோ செருமினார்கள். சரி, பொறுப்பாளன்தானே என்று நான் வாயைத் திறந்தேன். 'ஆண்டவரே, எல்லாருக்கும் எல்லா நலமும் தாரும்.' முடிந்துவிட்டது. உலகத்தில் யாரும் விட்டுப்போகவில்லை, யாரும் உள்ளே வரவும் இல்லை. பிலோ தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டைப் போட்டு முடித்துவிடலாம் என்று பிலோவைப் பார்க்கிறேன், ஸ்டீபன் பேசுகிறான்.

"ஆண்டவரே, நேத்துலருந்து எங்க வெள்ளாட்ட காணல. செனையாடு. ரோட்டு பக்கம் போச்சா, எவனாவது புடிச்சிக்கினு போய்ட்டானா தெரியல. எம் பொண்டாட்டி சோறு துன்னல. எப்பிடியாவது வூட்டுக்கு ஓட்டிக்கினு வந்து விட்டுடு."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்டீபன் சிரிக்கவில்லை, கண்ணை இறுக்கி மூடியிருந்தான். அடுத்த நொடி எல்லாரும், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.' இந்தத் தெருவில் இவ்வளவு சத்தமாக அதை நான் கேட்டதே இல்லை. ஒவ்வொருவருக்கும் கண்ணுக்கு முன்னால் அந்த ஆடு தெரிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 15, புதன்

ஆடு கிடைத்துவிட்டது. ரயில்வே லைன் ஓரம் மேய்ந்துகொண்டிருந்ததாம்.

இன்று கூட்டத்தில் ஆளுக்கு ஆள் போட்டி. மாமியார் முட்டிவலி. குரூப் ஃபோர் ரிசல்ட். குழாயில் தண்ணீர் ஏறவில்லை. துபாயில் இருக்கிற மகன் போன் எடுப்பதில்லை. வரன் தகையவில்லை. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர். நேரமாகிவிட்டது, சுண்டல் ஆறிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. கம்மென்று இருந்த கூட்டத்துக்கு இப்படி ஒரு சுறுசுறுப்பு.

எனக்குச் சந்தோஷம்தான். உள்ளுக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. ஆடு கிடைத்தது, சூசை அண்ணன் கிடைக்கவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஆட்டை வைத்து நம்பிக்கை வளர்ந்தால், அடுத்த ஆடு தொலைந்தே போகும்போது என்ன ஆகும்? ஃபாதரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாதுங்க" என்றார். அவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

பிலோ கடைசியாகப் பாடினாள். மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்றாள். எல்லாரும் வாய் மூடிக் கேட்டார்கள். நான் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எங்கள் வீட்டு முறை. மாலை நல்ல மழை, கரண்ட் போய் வந்தது. பிலோ கேசரி, நான் பூ, ஊதுவத்தி, பாய் விரிப்பு. மாதாவை டிவி ஸ்டாண்டில் வைத்தோம், டிவியைக் கட்டிலில் போட்டு.

ஜெபமாலை பாதியில் ரெஜினா அக்கா வந்தார். குடையை மடக்கி வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்தார். கையில் ஜெபமாலை இல்லை.

மன்றாட்டு நேரம். எல்லாரும் தங்கள் தங்கள் விஷயத்தைச் சொல்லி முடித்தார்கள். அடுத்து நான். பிலோ என்னைப் பார்த்தாள். இன்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல எழுந்து உள்ளே போய்விட்டேன்.

சமையலறையில் நிற்கும்போது வாசற்படியிலிருந்து அக்கா குரல்.

"நான் கேட்டேன், நீ குடுக்கல. எனக்கு இன்னும் கோவம்தான். அந்தக் கோவம் அப்பிடியே இருக்கட்டும், அது நமக்குள்ள. இப்ப பிலோவுக்காக கேக்கறேன். இந்தப் பொண்ண விட்டு வை. கேக்குதா உனக்கு? இவ்ளோதான்."

ஒருத்தரும் 'கேட்டருளும்' சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை போல. பிலோ மட்டும் தனியாக, மெதுவாகச் சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு பாய் சுருட்டிக்கொண்டே பிலோ சொன்னாள். கோபமாகக் கூட இல்லை.

"தெருவுக்கே வாய் வந்துடுச்சி. உங்களுக்குத்தான் வரல."

அவள் சொன்னது உண்மை. அதனால் வலித்தது. ஒருமுறை கேட்டு இல்லை என்று வாங்கிக்கொண்ட ஒரு பெண் திரும்பி வந்து, அதுவும் இன்னொருத்திக்காக, அதே ஆளிடம் கேட்கிறாள். நான் எதையும் இழக்காதவன். ஏன் பயப்படுகிறேன்?

பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். வாய்விட்டுக் கேட்டால் எனக்கு அவள் எவ்வளவு வேண்டும் என்று எனக்கே கேட்டுவிடும்.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக் கூட்டம். ஸ்பெஷல் பஸ் மேல் ஸ்பெஷல் பஸ். பூசை இல்லை, குளியல் இல்லை. பஸ் முழுக்கப் பட்டாசுப் பை, ஸ்வீட் பெட்டி, குழந்தைகள். ஏழுமலையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். கூட்டேரிப்பட்டு வந்ததும் மலைப் பக்கம் திரும்பி, "சவரிண்ணன் வூட்ல ஆபரேசன். நீயும் கொஞ்சம் பாத்துக்க" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சில்லறை கொடுக்கிற சாக்கில் பின்னால் போய்விட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. டபுள் டூட்டி. கால் வீக்கம். வேறொன்றும் எழுத முடியாது.

அக்டோபர் 22, புதன்

விடாத மழை. ஸ்கூல் லீவு. பிலோவை அட்மிட் செய்தாயிற்று.

கொண்டுபோனவை: போர்வை, ஃபிளாஸ்க், டம்ளர், இரண்டு நைட்டி, ரிப்போர்ட் ஃபைல், ஆதார், ஜெபமாலை. மறந்தது: சீப்பு. லில்லி கொண்டுவந்தாள். பெண்கள் வார்டு, ராத்திரி அவள்தான் கூட இருப்பாள். எனக்குப் பார்வை நேரத்தில் மட்டும் அனுமதி.

சாயந்திரம் உள்ளே விட்டார்கள். லில்லி வழக்கம்போல அக்கா தலையில் கை வைத்துத் தொடங்கினாள். நர்ஸ் வந்து, "கொஞ்சம் மெதுவாம்மா, பேஷண்டுங்க தூங்கறாங்க" என்றதும் பாதியில் நிறுத்தி, ஜல்தியாக ஆமென் சொல்லிவிட்டு ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். அவளும் மனுஷிதானே. கண் சிவந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா. பெயர் அஞ்சலை. பனமலைப் பக்கம், விவசாயக் கூலி. அவருக்கும் நாளைக்குத்தான் ஆபரேஷன், வயிற்றில். மகன் பெங்களூரிலிருந்து மழையில் வந்துகொண்டிருக்கிறானாம். பக்கத்தில் யாரும் இல்லை. லில்லி ஜெபித்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணே, நீங்களும் சாமி கும்புடறவருதான? எனக்கும் ரெண்டு வார்த்த சொல்லுங்க. நாங்க அங்காளம்மனத்தான் கும்புடறது. பரவாயில்லியா?"

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்ல. உடனே சொல்ல வரவில்லை, கொஞ்சம் நேரம் வாங்கலாம் என்று கேட்டேன்.

"உனக்கு இன்னாம்மா கேக்கணும்?"

"மயக்க ஊசி போட்டா திரும்ப எழுந்திருக்கணும். அவ்ளோதாண்ணே. போன வருசம் எங்க ஊர்ல ஒருத்தி எழுந்திருக்கவேயில்ல. அதான் பயம்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாள் பிலோவுக்காக எப்படி ஜெபிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். என்ன கேட்க வேண்டும் என்று அவளிடம் கேட்கவே இல்லை. திரும்பினேன்.

"உனக்கு இன்னா கேக்கட்டும்?"

போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"பாட்டு."

எனக்குப் புரியவில்லை.

"நரம்பு கிட்ட இருக்குதுன்னாங்கல்ல. பாட்டு போயிடக் கூடாது. உசுரக் கேக்கறதே பெரிய விஷயம், அதோட இதயும் கேட்டா பேராசன்னு நெனச்சிக்குவாரோன்னு நானே கேக்கல. நீங்க கேளுங்க."

அன்றைக்கு டாக்டர் சொன்னபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டினேன். அவள் அன்றிலிருந்து இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறாள். நான் சந்தேகம் என்கிற சொல்லையே பிடித்துக்கொண்டிருந்துவிட்டேன். எவ்வளவு முட்டாள்.

கட்டில்களுக்கு நடுவில் நின்றேன். கை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கட்டில் கம்பியையும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். பேச்சு வந்தது. நான் பேசின மாதிரியே எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது.

"ஆண்டவரே, எனக்கு இப்பிடி பேசி பழக்கம் இல்ல. தப்பா இருந்தா பொறுத்துக்குங்க. அஞ்சலைக்கு பயமா இருக்குது. நாளைக்கி மயக்கம் தெளிஞ்சி கண்ண தொறக்கணும். அவங்க புள்ள வந்து சேரணும். அப்புறம் இவ. இவளுக்கு உசுரு வேணும். கூடவே குரலும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு கேக்க என்னால முடியாது. ரெண்டுந்தான் வேணும். எனக்கு இவ வேணும் ஆண்டவரே. இவ பாடிக்கினு இருக்கணும். குடுங்க."

கடைசியில் 'உமக்குச் சித்தமானால்' என்று சேர்க்க நாக்கு போயிற்று. சேர்க்கவில்லை. அவர் சித்தம் அவருக்குத் தெரியும். என் ஆசைதான் அவருக்கு இதுவரை சொல்லப்படாதது.

கண்ணைத் திறந்தால் வார்டில் பாதிப் பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. நர்ஸ் வரவில்லை. அஞ்சலை கும்பிட்டார். பிலோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

உடம்பு லேசாக இருக்கிறது. காரியம் ஆகிவிடும் என்ற நிச்சயம் ஒன்றும் வரவில்லை. சொல்லியாகிவிட்டது, அவர் காதில் போட்டாயிற்று என்ற நிச்சயம் மட்டும் இருக்கிறது. இதுவரை அது கூட இருந்ததில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மழை விட்டிருக்கிறது. காலையில் அழைத்துப்போனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் விரலைப் பிடித்திருந்தாள், கதவு வரை.

பெஞ்சு. லில்லி முணுமுணுத்துக்கொண்டே. நானும். என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது, ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பி. ரெஜினா அக்கா போன். "உள்ள போய்ட்டாளா?" போய்ட்டாக்கா. "சரி, வை. நான் அவருகிட்ட பேசணும்." வைத்துவிட்டார்.

மதியம் வெளியே கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கழுத்தில் கட்டு. கண் திறந்து பார்த்தாள், பேச வாயெடுத்தாள், நர்ஸ் கையைக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். நாளைக்கு டாக்டர் வந்துதான் பேசச் சொல்ல வேண்டுமாம்.

அஞ்சலை எழுந்துவிட்டார். மகன் வந்துவிட்டான், ஈரச் சட்டையோடு.

அக்டோபர் 24, வெள்ளி

வெயில். பெஞ்சிலேயே தூக்கம், கழுத்து பிடித்துக்கொண்டது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அம்மா, பிலோவின் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள் என்றதால் என்னையும் உள்ளே விட்டார்கள். லில்லி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேசுங்கம்மா. மெதுவா. ஏதாவது சொல்லுங்க."

பிலோ பேசவில்லை. பயம். எச்சில் விழுங்கினாள், வலித்தது போல, முகத்தைச் சுளித்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கரகரவென்று, கம்மலாக, ஆனால் அவள் குரல். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அஞ்சல பேரச் சொன்னீங்க. எம் பேரச் சொல்லவேயில்ல."

லில்லி சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே. டாக்டர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குரல் வருகிறது, நல்லது, கம்மல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், பாடுவதைப் பற்றிப் பிறகுதான் சொல்ல முடியும், ரிசல்ட்டும் வரவேண்டும் என்றார். தலையை ஆட்டவில்லை. இந்தத் தடவை எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டேன்.

முந்தாநாள் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். ஆமாம். இவளுக்கு, இவ, இவ. பெயரே சொல்லவில்லை.

டாக்டர் அம்மா அடுத்த கட்டிலுக்குப் போகும் வரை கூடப் பொறுக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்தேன். "ஆண்டவரே, பிலோமினாவுக்கு" என்று ஆரம்பித்தேன்.